மரங்களைச் சொல்லி எழுதிய வழி

மாதாவின் பிள்ளைகளே, நான் மாதாவை வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். அதை மறைத்துவிட்டு இந்தச் சாட்சியை எழுதினால் பாதிப் பொய்யாகிவிடும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் செசிலி. பாபநாசத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். என் கணவர் சூசை அந்த ஊர் மிராசுதாரிடம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் நடவுக்கும் அறுப்புக்கும் போவேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் தங்கை ஞானம்தான் எங்கள் பிள்ளை. அம்மா இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து தலை வாரி, சோறு ஊட்டி, அடித்து, அணைத்து வளர்த்தது நான். வளர்ந்ததும் முத்துப்பேட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளை பிரகாசம் எங்களைப் போலக் கூலி வேலை செய்கிறவர்தான். வயலில் வேலை இல்லாத நாட்களில் தோணி எடுத்துக்கொண்டு அலையாத்திக் காட்டுக்குள் வலை போடப் போவார். நல்ல மனுஷர். என்னை அக்கா என்று கூப்பிட மாட்டார், அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வருடம் கார்த்திகையில் பெரும் புயல் அடித்தது. எங்கள் ஊரில் கூரைகள் போயின, கோயில் கொட்டகை போயிற்று, ஆனால் உயிர்ச்சேதம் இல்லை. கடலோரத்தில் அப்படி இல்லை என்று பஞ்சாயத்து ரேடியோ சொன்னது. எந்த ஊர், எத்தனை பேர் என்று ரேடியோவை விட்டு நகராமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. ஞானத்தின் கையெழுத்து. நான்கே வரி. ‘அக்கா, அவர் திரும்பவில்லை. தோணி மட்டும் வயலில் கிடக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். நீ வராதே, ரோடு இல்லை.’

அப்போது அவள் ஏழு மாதம் முழுகாமல் இருந்தாள்.

அந்தக் கார்டை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. அழுகைகூட வரவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்து வருவது தாய்வீட்டின் கடமை. தாய் இல்லாத வீட்டில் அது அக்காவின் தலையில் விழும். ஆனால் எப்படிப் போவேன்? மன்னார்குடிக்குத் தெற்கே பஸ் ஓடவில்லை. பாதையெல்லாம் அரித்துக் கிடந்தது. மழையும் விடவில்லை. மார்கழி முழுக்கச் செபமாலையும் கையுமாகக் கிடந்தேன். கண்ணை மூடினால் என் தங்கை ஏதோ ஒரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது தெரியும். நான் கூப்பிடுவேன், அவள் திரும்ப மாட்டாள்.

கடைசியில் சூசைதான் சொன்னார். “பொங்கல் கழிஞ்சதும் வண்டி கட்டிக்கிட்டுப் போயிருவோம் செசிலி. நிறைமாசக்காரிய வைக்கோல் மேல படுக்க வச்சே கூட்டியாந்துரலாம்.”

ஒரு வண்டி போதாது என்று பிறகுதான் புரிந்தது. அங்கே குளமெல்லாம் கடல் தண்ணீர் ஏறி உப்பாகிவிட்டது, மாடு குடிக்காது என்றார்கள். வைக்கோலும் கிடைக்காதாம். ஆகவே தண்ணீருக்கும் வைக்கோலுக்கும் ஒரு வண்டி. எங்கள் கோயில் பங்கு மக்கள் கொடுத்த அரிசிக்கும் சேலைக்கும் பாய்க்கும் இன்னொரு வண்டி. ஆட்களுக்கு ஒன்று. மூன்று கூண்டு வண்டி. மிராசுதாரின் வண்டியைக் கேட்டபோது, எட்டு நாளில் திரும்பிவிட வேண்டும், நெல் ஏற்ற வண்டி வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார். கூண்டின் இரண்டு பக்கமும் அவர் பெயர் வெள்ளைப் பெயின்டில் பெரிதாக எழுதியிருக்கும். இரண்டாவது வண்டி பக்கத்து வீட்டுக் கோவிந்தனுடையது. மூன்றாவது என் கொழுந்தன் அருளப்பனுடையது. வழியில் வலி கண்டால் என்ன செய்வது என்று, ஊர் மருத்துவச்சி தனம்மாளையும் கூட்டிக்கொண்டேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், வெற்றிலைக்குக் குறை வைக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் உட்கார்ந்து வழியை எழுதினோம். எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான், அதனால் நோட்டும் பென்சிலும் என் கையில். அந்தப் பக்கம் வண்டி ஓட்டிப் பழகிய கோவிந்தன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்.

“மன்னார்குடி தாண்டுனா ஒரு பெரிய புளியமரம். அதுல வலது கைப்பக்கம் திரும்பணும். அப்புறம் ரெட்டைப் பனை. அங்க இடது கை.”

“ரெண்டுக்கும் நடுவுல எத்தன மைலு?”

“மைலை யாரு கண்டா? பனை வர்ற வரைக்கும் போ. அதத் தாண்டி இலுப்பைத் தோப்பு. தோப்புல மாட்ட அவுத்து விட்டுட்டு, நேரா ஒத்த அரசமரத்தப் பாத்துப் போ.”

நான் எழுதினேன். மொத்தம் பதினொரு மரம். அழகாக, ஒன்றன்கீழ் ஒன்றாக. பங்குச் சாமியாரிடம் காட்டினேன், அவரும் பேஷ் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு கலெக்டர்கூட இப்படித் திட்டம் போட மாட்டார் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். நாங்கள் எல்லோரும் அங்கே உட்கார்ந்திருந்தோம், ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் தலைக்கு மேல் கொட்டகை இல்லை, புயல் கொண்டுபோய்விட்டது. அந்த வெட்டவெளியில் உட்கார்ந்துகொண்டு மரங்களைச் சொல்லி வழி எழுதிக்கொண்டிருந்தோம்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் புறப்பட்டோம். எங்கள் பக்கத்தில் மாட்டுக்கும் கட்சி உண்டு. மிராசுதாரின் காளைகளுக்குக் கொம்பில் ஒரு கட்சியின் வர்ணம், கோவிந்தனின் காளைகளுக்கு எதிர்க்கட்சி வர்ணம். அருளப்பன் தன் மாடுகளுக்கு மாதாவின் நீலம் அடித்திருந்தான். “நம்ம வண்டி எந்த ஊருக்குள்ள போனாலும் யாராச்சும் ஒருத்தன் சண்டைக்கு வருவான்” என்று கோவிந்தன் சிரித்தார். சிரித்துக்கொண்டே கிளம்பினோம்.

மன்னார்குடி வரை இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் எனக்கு ஒரு கனவு மாதிரிதான் நினைவிருக்கிறது. இரண்டு பக்கமும் பழுத்த சம்பா வயல், அதன்மேல் பனி. வண்டி ஆடும், சலங்கை ஒலிக்கும், தனம்மாள் வாயில் வெற்றிலையோடு தூங்குவாள். நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. ஞானம் சின்னப் பிள்ளையாக என் மடியில் படுத்திருப்பதாகத் தோன்றும். குனிந்து பார்த்தால் வைக்கோல்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் விடியும்போது மன்னார்குடியைத் தாண்டினோம். கடும்பனி. முன்னால் போகும் வண்டியின் சக்கரம்கூடத் தெரியவில்லை. புளியமரத்தைத் தேடினோம். இல்லை. கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தோம், திரும்பி வந்தும் பார்த்தோம். சூசை இறங்கிக் கையால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் குழிதான் இருந்தது. பெரிய குழி, அதில் தண்ணீர். விழுந்த மரத்தை இரண்டு மாதத்தில் வெட்டி விறகாக்கிவிட்டார்கள், வேரைக்கூட விடவில்லை.

சூசை திரும்பி வந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை. “உன் நோட்டுல இருக்கற மரம் ஒண்ணும் இனி நிக்காது செசிலி” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பதினொரு மரத்தையும் புயல் பிடுங்கியிருக்கும் என்பது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்களுக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு மாடுகள் போன வழிதான் எங்கள் வழி. பனிக்குள் ஒன்றொன்றாக ஏதோ வந்து மறைந்தது. வயல் நடுவில் ஒரு தோணி தனியாக நின்றது. கருவேல முள்ளில் ஒரு பச்சைச் சேலை தொங்கியது. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலை வைத்துப் படுத்திருந்தன. ஒரு சத்தம் இல்லை. கோழி கூவவில்லை, நாய் குரைக்கவில்லை. நாங்கள் செத்துப்போய், செத்தவர்கள் ஊருக்குள் வண்டி ஓட்டுகிறோமோ என்று நினைத்தேன்.

திடீரென்று மாடுகள் நின்றன. பாதையின் குறுக்கே ஒரு நுகத்தடி போட்டிருந்தது. பனிக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும், பெண்கள் பாதி. பக்கத்தில் ஒரு செங்கொடி நட்டிருந்தது.

“எந்த ஊரு ஆளுங்க? எவன் கூப்பிட்டு அறுக்க வர்றீங்க?”

பிறகுதான் விஷயம் விளங்கியது. அந்த ஊரில் புயலுக்குத் தப்பிப் பாதிப் பயிர் நின்றிருந்தது. பாதி விளைச்சலுக்குப் பாதிக் கூலிதான் என்று நிலக்காரர்கள் சொல்ல, அறுக்க மாட்டோம் என்று இவர்கள் நின்றுவிட்டார்கள். வெளியூர் ஆட்களை வண்டியில் கொண்டுவந்து அறுப்போம் என்று நிலக்காரர்கள் மிரட்டியிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, ஒரு மிராசுதாரின் பெயர் எழுதிய கூண்டு வண்டி, பின்னால் இன்னும் இரண்டு வண்டி, விடியற்காலையில் திருட்டுத்தனமாக வருகிறது. வைக்கோலைக் கிளறினார்கள். நான்கு அரிவாள் இருந்தது. வழியில் முள் மண்டிக் கிடந்தால் வெட்டுவதற்கு நாங்கள்தான் எடுத்து வந்திருந்தோம். யார் நம்புவார்கள்?

தனம்மாள் எழுந்து உட்கார்ந்து கத்தினாள். “அட, நான் பேறு பாக்க வந்தவடா! இந்த வயசுல நான் கருது அறுப்பேனா?”

ஒருவரும் சிரிக்கவில்லை. தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தைக்குப் போனவர்கள் சாயங்காலம் வருவார்கள், அதுவரை வண்டி நகரக் கூடாது என்று மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். சூசை கையெடுத்துக் கும்பிட்டார். கேட்கவில்லை. எனக்கும் அந்தக் காலத்தில் செங்கொடிக்காரர்கள் என்றால் ஆகாது. கலகக்காரர்கள் என்று மிராசுதார் வீட்டில் சொல்வதைக் கேட்டே வளர்ந்தவள். எனவே அவர்களிடம் கெஞ்சக்கூட எனக்கு வாய் வரவில்லை.

வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். செபமாலையை எடுத்தேன். செபம் வரவில்லை. திட்டுதான் வந்தது. ‘நீயும் நிறைமாசத்தோட வழியில அலைஞ்சவதானே? உனக்கு இடம் கொடுக்காதவங்கள நீ மறந்தியா? ஒன்றரை மாசமா கேக்கறேன். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். என் வழிய விடச் சொல்லு. அதுகூட முடியலன்னா எதுக்கு நீ தாயின்னு இருக்க?’ இப்படியே, இன்னும் மோசமாக. மனதுக்குள் என்றுதான் நினைத்தேன். வாய்விட்டுக் கத்தியிருக்கிறேன் என்று சூசை பிறகு சொன்னார். அழுது ஓய்ந்து தலை நிமிர்ந்தபோது எதிரில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

நாற்பது வயது இருக்கும். தோளில் சிவப்புத் துண்டு. பெயர் வேலாயுதம். அந்த ஊர்ச் சங்கத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது என்று பார்த்ததுமே தெரிந்தது.

“அது என்னம்மா நோட்டு? ஆள் பேரு எழுதி வச்சிருக்கீங்களா?”

வாங்கிப் பிரித்தார். சத்தமாகப் படித்தார், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று.

“பெரிய புளியமரம். வலது கை.”

கூட்டத்தில் ஒருவர் சொன்னார், “அது போச்சு.”

“ரெட்டைப் பனை. இடது கை.”

“ரெண்டும் போச்சு. ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கெடந்துச்சு.”

“இலுப்பைத் தோப்பு. மாட்டை அவிழ்க்கவும்.”

ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “எங்க வீடு அங்கதான் இருந்துச்சு” என்றாள்.

அவர் நிறுத்தவில்லை. இப்போது மெதுவாகப் படித்தார். ஒவ்வொரு மரத்துக்கும் யாரோ ஒருவர், போச்சு, போச்சு என்றார்கள். கோயிலில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்வார்களே, அதுபோல இருந்தது. பதினொன்றையும் படித்து முடித்து நோட்டை மூடினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இது ஆள் கணக்கு இல்லப்பா. இது நம்ம ஊரு” என்றார்.

பிறகு எல்லாம் மாறிவிட்டது. பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, தங்கைக்கு எத்தனை மாதம், மாப்பிள்ளை உடல் கிடைத்ததா என்று கேட்டார்கள். நாங்கள் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு குடம் கொடுத்தோம். நல்ல தண்ணீரைக் கண்டு ஒரு மாதம் ஆகிறது என்று அவர்கள் சொன்னபோது, எனக்கு வெட்கமாக இருந்தது. ரோட்டு வழி மதகு உடைந்து கிடக்கிறது, வண்டி போகாது, கோரையாற்றுக் கரையோடுதான் போக வேண்டும் என்றார் வேலாயுதம். “அடுத்த ஊருலயும் மறிப்பாங்க. நானே கூட வரேன்” என்று ஏறி, தன் சிவப்புத் துண்டை முன்வண்டிக் கூண்டில் கட்டினார்.

“இந்தக் கொடி ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு” என்றார் கோவிந்தன்.

பனி விலகிவிட்டது. அதற்குப் பதில் வெயிலில் கண் கூசியது. கடல் ஏறிய வயல்களில் உப்புப் பூத்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. ஆறு வெள்ளை, வானமும் வெள்ளை. எங்கே நிலம் முடிகிறது, எங்கே ஆகாயம் தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. அந்த வெள்ளைக்குள் வண்டி மிதந்து போவதுபோல இருந்தது. மணி பத்தரை, பதினொன்று இருக்கலாம். தூரத்தில் ஒரு பழைய படித்துறை. அதில் ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நின்றாள். யாரோ குளிக்கிறார்கள் என்று சூசை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேலாயுதம் எழுந்து நின்று கத்தினார். “ஏம்மா! அங்க எறங்காத! புயல்ல அரிச்சுக் கெடக்கு, ஆளுக்கு மேல ஆழம்!”

அவள் திரும்பினாள். அவள் ஞானம்.

நான் எப்படி வண்டியிலிருந்து குதித்தேன் என்று தெரியாது. கரையில் உருண்டேன். அவள் வயிற்றைக் கட்டிக்கொண்டேன். உள்ளே பிள்ளை அசைந்தது என் கன்னத்தில் பட்டது. அவள் அழவில்லை. “எப்படிக்கா வந்த?” என்று மட்டும் கேட்டாள். திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டாள். நீ எங்கேடி இங்கே என்றால், உன் வீட்டுக்குத்தான் கிளம்பினேன் என்றாள். ஒரு மாற்றுத்துணிகூட எடுக்காமல் கிளம்பினாயா என்று திட்டினேன். எனக்கு அப்போதும் ஒன்றும் புரியவில்லை. தனம்மாள் புளிச்சோறு கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு வைக்கோல் மேல் படுத்தவள், இரண்டு நாள் தூங்கிக்கொண்டே வந்தாள்.

அரிசியும் சேலையும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வேலாயுதம் பார்த்துக்கொண்டார். மாசி மாதம் ஞானத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். கூண்டில் சிவப்புத் துண்டோடு வண்டி திரும்பியதை மிராசுதார் பார்த்துவிட்டார். சூசைக்கு வேலை போயிற்று. சூசை அதற்காக ஒருநாளும் வருத்தப்படவில்லை, நானும்தான். அடுத்த அறுப்பில் எங்கள் ஊரிலும் கூலி கேட்டு நின்றோம். நான் முன்வரிசையில் நின்றேன்.

பிள்ளைக்கு ஒன்றரை வயது நடக்கும்போது, ஒருநாள் மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம். ஞானம் முறத்தைக் கீழே வைத்தாள்.

“அன்னிக்கி நான் உன் வீட்டுக்குக் கிளம்பலக்கா” என்றாள்.

நான் புடைப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் பேச மாட்டாள் என்று பயம். “ரெண்டு படி எறங்கிட்டேன். இன்னும் ரெண்டு படிதான். அந்த அண்ணன் சத்தம் போட்டாரு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் முறத்தைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு அழுத அழுகை, அம்மா செத்தபோதுகூட அழவில்லை.

யோசித்துப் பாருங்கள். புளியமரம் நின்றிருந்தால் நான் எழுதிய வழியில் போயிருப்பேன். அந்த வழியில் ஆறே கிடையாது. நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஞானம் எங்கே என்று கேட்டுக்கொண்டு நின்றிருப்பேன். அவர்கள் மறிக்காமல், ஆற்று வழியை மட்டும் சொல்லி விட்டிருந்தால் இரண்டு மணி நேரம் முன்னால் அந்தப் படித்துறையைத் தாண்டியிருப்பேன். என் வழியை விடு என்று நான் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், மாதா என் வழியைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தாள்.

இதைச் சொல்ல வேலாயுதத்தைத் தேடிப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“எனக்குச் சாமியெல்லாம் கிடையாதும்மா, அது உங்களுக்குத் தெரியும். ஆனா ஒண்ணு சொல்றேன். படித்துறையில பொம்பள நின்னா நாங்க அந்தப் பக்கமே திரும்ப மாட்டோம். அதுதான் எங்க வழக்கம். கூப்பிடறதுங்கறது நெனச்சும் பாக்க முடியாது. அன்னிக்கி நான் ஏன் திரும்பினேன், ஏன் கத்தினேன்னு எனக்கே இன்னும் தெரியல.”

எனக்குத் தெரியும். ஆனால் அவரிடம் வாதாடவில்லை. வருடா வருடம் மாதா திருநாளில் அவர் பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். போய்ச் சொன்னால், “எரியட்டும், வெளிச்சந்தானே” என்பார்.

இப்போதும் நான் சும்மா கும்பிடுகிறவள் இல்லை. மாதாவோடு சண்டை போடுகிறேன். ஆனால் சண்டைக்கு முன்னால் நன்றி சொல்லிவிடுகிறேன். உங்களில் யாராவது இன்று மறிக்கப்பட்ட வழியில் மாட்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். திட்டுங்கள், தாய் தாங்கிக்கொள்வாள். எழுந்து போய்விட மட்டும் வேண்டாம். கொஞ்சம் பொறுத்திருங்கள். உங்களுக்காகக் கத்துகிற ஆள் எங்கேயோ வண்டி ஏறிவிட்டார்.

கடைசியாக ஒன்று. படித்துறைச் சங்கதியை எழுதலாமா என்று ஞானத்திடம் கேட்டேன். அது அவளுடைய விஷயம், அவள் வேண்டாம் என்றால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னலை விடாமல் சொன்னாள்.

“எழுதுக்கா. என்னை மாதிரி ரெண்டு படி எறங்கின யாராச்சும் படிப்பாங்க.”